இன்டர்ன்ஷிப் தேடுவதும் அதன் செலவுக்கு வழி பார்ப்பதும்

இன்டர்ன்ஷிப் தேடப் போகிறேன் என்று வரும் மாணவர்கள் பெரும்பாலும் ரெஸ்யூமேயோடுதான் வருகிறார்கள். ஒரு பக்கமா இரண்டு பக்கமா, படம் வைக்கலாமா கூடாதா என்று கேட்பார்கள். அது அரை நாள் வேலை. அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி வேறு: அந்த இரண்டு மூன்று மாதம் உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் யார் காசு கொடுப்பார்கள்? கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிவைப்பவர்கள், இடம் கிடைத்த பிறகு போக முடியாமல் விட்டுவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தேர்வாகும் அளவுக்குத் திறமை உள்ள பிள்ளை, அறைக்கு அட்வான்ஸ் கொடுக்க வழியில்லாமல் ‘என்னால் வர இயலவில்லை’ என்று மெயில் போடுவதைப் பார்த்தால் மனம் ஆறுவதில்லை. அதனால் இங்கே தேடலையும் பணத்தையும் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. முதல் நாளிலிருந்தே இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

பெயர் பெற்ற இடம் என்பதாலேயே பணம் தருவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஐ.நா. தலைமைச் செயலகம் தன் இன்டர்ன்களுக்குச் சம்பளம் தருவதில்லை; பயணம், விசா, தங்குமிடம் எல்லாம் மாணவர் பொறுப்பு அல்லது அவரை அனுப்பும் நிறுவனத்தின் பொறுப்பு. 2015-ல் ஜெனீவாவில் ஐ.நா. இன்டர்ன் ஒருவர் கூடாரத்தில் தங்கியிருந்த செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அமெரிக்க வெள்ளை மாளிகையே தன் இன்டர்ன்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது 2022-ல்தான். மறுபக்கம், உலக வங்கி தன் இன்டர்ன்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம் தருகிறது. நிறுவனத்தின் மதிப்பை வைத்து இதை ஊகிக்க முடியாது, ஒவ்வொன்றாகப் படித்துத்தான் பார்க்க வேண்டும்.

தேடும் முன் எழுத வேண்டியவை

ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். எந்த மாதங்களில் உங்களுக்கு விடுமுறை, அதில் எத்தனை வாரம் முழுதாகக் கொடுக்க முடியும்? பெரும்பாலான திட்டங்கள் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கேட்கும். ஆறு வாரம்தான் இருக்கிறது என்றால் பாதி வாய்ப்புகள் அங்கேயே கழிந்துவிடும். அது முன்பே தெரிந்தால் வீண் விண்ணப்பம் போட மாட்டீர்கள். இரண்டாவது, உங்கள் படிப்பில் இன்டர்ன்ஷிப் கட்டாயமா, விருப்பமா? மூன்றாவது, வீட்டிலிருந்தோ சேமிப்பிலிருந்தோ நிஜமாகவே எவ்வளவு எடுக்க முடியும்? இந்தத் தொகை சுழியமாக இருந்தால் சுழியம் என்றே எழுதுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எந்த வாசலைத் தட்டுவது என்பதை அந்த எண்தான் முடிவு செய்யும்.

இரண்டாவது கேள்வி சாதாரணமாகத் தெரியும், ஆனால் சில நாடுகளில் சம்பளமே அதைப் பொறுத்தது. ஜெர்மனியில் 2015 முதல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மாணவர் தானாக விரும்பிச் செய்யும் இன்டர்ன்ஷிப் மூன்று மாதத்தைத் தாண்டினால் அந்த ஊதியம் தர வேண்டும். பாடத்திட்டத்தில் கட்டாயம் என்று இருந்தால் விலக்கு. பிரிட்டனிலும் படிப்பின் கட்டாயப் பகுதியாக ஓராண்டுக்குள் செய்யும் பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதிய உரிமை கிடையாது. பிரான்சில் வழி வேறு: இரண்டு மாதத்துக்கு மேல் போனால் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் மாணவர், கல்வி நிறுவனம், வேலை தரும் இடம் மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். ஆகவே உங்கள் துறை அலுவலகம் தரும் கடிதத்தில் ‘கட்டாயம்’ என்று இருக்கிறதா, ‘விருப்பம்’ என்று இருக்கிறதா என்பதை வாங்கும்போதே படித்துப் பாருங்கள்.

காசு ஏற்கெனவே இருக்கும் இடங்கள் முதலில்

தேடலை நான் இப்படித்தான் வரிசைப்படுத்தச் சொல்வேன்: பணம் உள்ளடங்கிய திட்டங்கள் முதலில், பணத்தை வெளியிலிருந்து கொண்டுவர முடிகிற இடங்கள் அடுத்து, இரண்டுமே இல்லாதவை கடைசியில்.

முதல் வகையில் ஆய்வுத் திட்டங்கள் நிறைய. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன், கோடைக்கால மாணவர்களுக்கு நாள்படி தருகிறது. இயற்பியலுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், கணினி, பொறியியல் மாணவர்களும் போகலாம். ஆனால் குறைந்தது மூன்று ஆண்டுப் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்திருக்க வேண்டும். ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம், சவூதியின் கிங் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டும் உதவித்தொகையோடு தங்குமிடத்தையும் பயணச் செலவையும் கவனித்துக்கொள்கின்றன. கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க், குறிப்பிட்ட சில நாடுகளின் இளநிலை மாணவர்களைப் பன்னிரண்டு வார ஆய்வுக்கு அழைக்கிறது. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இளநிலை மாணவர் ஆய்வுத் திட்டம் மிகப் பெரியது, ஆனால் அதன் நிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். தகுதிப் பகுதியை முதலில் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். எட்டுப் பக்க விண்ணப்பம் எழுதிய பிறகு குடியுரிமை வரி கண்ணில் பட்டால் அவ்வளவு உழைப்பும் வீண்.

பொறியியல், தொழில்நுட்ப மாணவர்களுக்கு ஐயேஸ்டே என்ற பரிமாற்ற அமைப்பு 1948 முதல் இயங்குகிறது. அங்கே வேலை தரும் நிறுவனம் அந்த ஊரில் வாழ்வதற்குப் போதுமான தொகையைத் தரும்; பயணச் செலவு உங்களுடையது. ஐரோப்பிய ஆணையத்தின் ப்ளூ புக் பயிற்சி, பட்டம் முடித்தவர்களுக்கு ஐந்து மாதம், உதவித்தொகையோடு. மார்ச்சிலும் அக்டோபரிலும் தொடங்கும்.

ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்யும் திட்டங்கள் பெரிய வரம். கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005-ல் தொடங்கியது. திறந்த மூல மென்பொருள் (யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடியது) திட்டம் ஒன்றில் 90, 175 அல்லது 350 மணி நேர வேலை. தொகை திட்டத்தின் அளவையும் நீங்கள் இருக்கும் நாட்டையும் பொறுத்து மாறும். அவுட்ரீச்சி ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது, முழுக்க இணையவழி, உதவித்தொகை 7,000 டாலர். தொழில்நுட்பத் துறையில் ஒதுக்கப்பட்டவர்களுக்காகவே உருவான திட்டம் அது. வாடகையும் விசாவும் பயணமும் இல்லாத இன்டர்ன்ஷிப்பில் வரும் பணம் கையில் நிற்கும். இவற்றைக் ‘கோடிங் தெரிந்தவர்களுக்கு’ என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவுட்ரீச்சியில் ஆவணம் எழுதுதல், வடிவமைப்பு போன்ற பணிகளும் வருகின்றன.

தேதி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வடக்கு அரைக்கோளத்தில் கோடைக்கால இன்டர்ன்ஷிப் ஜூனில் தொடங்கும் என்றால், ஆய்வுத் திட்டங்களின் கடைசித் தேதிகள் பெரும்பாலும் அதற்கு முந்தைய நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். பெரிய வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் இன்னும் முன்பே, சில நேரம் ஓராண்டுக்கு முன்பே, ஆளெடுக்கத் தொடங்குகின்றன. தெற்கு அரைக்கோளத்தில் கோடை டிசம்பரில் வரும். உங்கள் விடுமுறை அப்போது என்றால் அங்கே தேடலாம். தேர்வு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தால் மிச்சம் இருப்பவை சிறு நிறுவனங்களும் நேரடியாகக் கேட்டுப் பெறும் இடங்களும்தான்.

அவை மோசமானவை அல்ல. முதல் இன்டர்ன்ஷிப்புக்கு அவைதான் சிறந்தவை என்பது என் எண்ணம். பெரிய திட்டத்தில் ஆயிரக்கணக்கானோரோடு மோதுகிறீர்கள்; சிறிய ஆய்வகத்திலோ தொண்டு நிறுவனத்திலோ உங்கள் மெயிலை ஒரு மனிதர் உட்கார்ந்து படிப்பார்.

கேட்டு எழுதும் மெயில்

விளம்பரம் இல்லாத இடத்தில் வாய்ப்புக் கேட்டு எழுதுவதை அதிர்ஷ்ட விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்பினால் அப்படித்தான் ஆகும். ‘மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர எனக்கு மிகுந்த ஆர்வம்’ என்று தொடங்கும் மெயிலை ஒரு பேராசிரியர் வாரம் முழுக்கப் பார்க்கிறார். அதில் அவர் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் போட்டாலும் பொருந்தும். அது போதும், அவர் மூடிவிடுவார்.

இதற்குப் பதில், பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் அண்மைக் கட்டுரை ஒன்றையோ, நிறுவனமென்றால் அவர்கள் செய்த ஒரு வேலையையோ, உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். அதில் உங்களுக்கு நிஜமாகவே எழுந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீர்மட்டத்தைச் சென்சார் வைத்து அளக்கும் ஓர் ஆய்வகத்துக்கு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மெயில் இப்படி இருக்கலாம்:

‘நான் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. கிணற்று நீர்மட்டம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மழைக்கால அளவீடுகளில் இடையிடையே தரவு விடுபட்டிருப்பதை நான்காம் படத்தில் பார்த்தேன். அந்த இடைவெளிகளை எப்படி நிரப்பினீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். என் வகுப்புத் திட்டத்தில் இதே சிக்கலுக்குப் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினேன், இணைப்பு கீழே. ஜூன் 1 முதல் பத்து வாரம் முழுநேரமாக உங்கள் குழுவில் வேலை செய்ய வாய்ப்பு உண்டா? என் பல்கலைக்கழகத்தில் கோடைக்கால ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன், கடைசித் தேதி மார்ச் 15. அதற்கு உங்களிடமிருந்து ஒரு பக்க அழைப்புக் கடிதம் தேவைப்படும். உங்கள் பக்கம் உதவித்தொகைக்கு வழி இருந்தால் அதையும் தெரிவித்தால் நன்றி.’

இவ்வளவுதான். யார், என்ன படித்தார், என்ன செய்யத் தெரியும், எப்போது, எத்தனை வாரம், பணம் எங்கிருந்து என்று எல்லாம் ஒரே திரையில் அடங்கிவிட்டன. பணத்தைப் பற்றி முதல் மெயிலிலேயே பேசலாமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள்: அதில் கெஞ்சல் இல்லை, நிபந்தனை இல்லை, ஒரு திட்டம் இருக்கிறது. ‘இந்தப் பெண் தன் வேலையை முன்பே செய்துவிட்டு வருகிறாள்’ என்ற எண்ணம்தான் படிப்பவருக்கு வரும்.

பத்து நாள் பதில் இல்லையென்றால் அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்தவருக்கு எழுதுங்கள். பேராசிரியர் பதில் தராவிட்டால் அவர் குழுவிலுள்ள முனைவர் பட்ட மாணவருக்கு எழுதலாம். ஆய்வகத்தில் எங்கே ஒரு கை குறைகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

செலவுக் கணக்கு

பெரும்பாலானோர் மாதச் செலவை மாத எண்ணிக்கையால் பெருக்கி, அதுதான் மொத்தம் என்கிறார்கள். கையைக் கடிப்பது அந்த மொத்தத்தைவிட முதல் ஐந்து வாரம்தான். ஜூன் 1 சேருகிறீர்கள். முதல் உதவித்தொகை ஜூன் கடைசியிலோ, புது வங்கிக் கணக்கு தாமதமானால் ஜூலை நடுவிலோ வரும். அதற்குள் பயணச் சீட்டு, விசாக் கட்டணம், காப்பீடு, அறைக்கு அட்வான்ஸ், முதல் மாத வாடகை, சாப்பாடு, பஸ் பாஸ் எல்லாம் உங்கள் கையிலிருந்து போயிருக்கும். முழு நிதியும் உறுதியான மாணவர்கள்கூட இந்த இடத்தில் திணறுகிறார்கள்.

ஆகவே கணக்கை இரண்டு நெடுவரிசையாகப் போடுங்கள்: என்ன செலவு, எந்தத் தேதியில். வரவுக்கும் அப்படியே. கிளம்பும் முன் ஆகும் செலவுகளில் மறந்துபோகிறவை: மதிப்பெண் பட்டியல், சான்றொப்பம், மருத்துவப் பரிசோதனை, விசா நேர்காணலுக்குப் போய்வரும் செலவு. இன்னொன்று, சில பல்கலைக்கழகங்களில் இன்டர்ன்ஷிப்புக்கு கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி) வேண்டுமானால் அந்த கிரெடிட்டுக்கான கல்விக் கட்டணத்தை நீங்களே கட்ட வேண்டும். சம்பளமில்லாமல் வேலை செய்து, அதற்குக் கட்டணமும் கட்டும் நிலை வரும். கிரெடிட் அவசியமா என்று துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறையில் வழக்கமாகப் பகுதிநேர வேலை பார்த்துச் சம்பாதிப்பவரானால், இழக்கும் அந்த வருமானத்தையும் எழுதுங்கள். அதுவும் செலவுதான், நிதி தருபவர்களிடம் அதைச் சொல்லலாம்.

அறை கொடுப்பவரிடம் அட்வான்ஸைத் தவணையில் கேட்கலாம். கோடையில் காலியாக இருக்கும் பல்கலைக்கழக விடுதிகளில் அட்வான்ஸ் பெரும்பாலும் குறைவு அல்லது இல்லை. சேரும் இடத்தின் விடுதி அலுவலகத்துக்கு முதலிலேயே எழுதுங்கள்.

எங்கே கேட்பது

முதலில் அழைத்த இடத்திலேயே. ‘எங்களால் சம்பளம் தர இயலாது’ என்று ஒரு நிறுவனம் சொன்னால் பேச்சு அதோடு முடியவில்லை. சம்பளத் தலைப்பில் பணம் இல்லாத இடத்தில் பயணத் தலைப்பில் இருக்கலாம், விடுதி அறை இருக்கலாம், மதிய உணவு இருக்கலாம், வாரத்தில் மூன்று நாள் நேரில் இரண்டு நாள் வீட்டிலிருந்து என்று ஏற்பாடு இருக்கலாம். ‘இந்த வாய்ப்பு எனக்கு மிகவும் முக்கியம். பத்து வாரத்துக்கு எனக்கு ஆகும் செலவு இவ்வளவு, கையில் இருப்பது இவ்வளவு. தங்குமிடத்திலோ பயணத்திலோ உதவ வழி உண்டா?’ என்று எண்ணோடு கேளுங்கள். எண் இருந்தால் எதிரில் இருப்பவரால் யோசிக்க முடியும்.

அடுத்து உங்கள் பல்கலைக்கழகம். நிதி ஒரே மேசையில் இருக்காது: வேலைவாய்ப்புப் பிரிவு, துறை அலுவலகம், வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகம், முன்னாள் மாணவர் சங்கம், மாணவர் பேரவை என்று சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு மேசைக்கும் நேரில் போங்கள். சிறு நிதிகள் சில, கேட்க ஆளில்லாமலே அந்த ஆண்டு அப்படியே நின்றுவிடும். துறை அலுவலகத்தில் நீண்ட காலம் இருக்கும் உதவியாளருக்குத் தெரிந்தது பேராசிரியர்களுக்கே தெரிவதில்லை.

மூன்றாவது, அரசு, பரிமாற்றத் திட்டங்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டம் இரண்டு முதல் பன்னிரண்டு மாதப் பயிற்சிக்கு நிதி தருகிறது. இடத்தை நீங்களே பிடித்துக்கொண்டு போனால் போதும். பட்டம் பெற்று ஓராண்டுக்குள்ளும் பயன்படுத்தலாம், ஆனால் படிக்கும்போதே விண்ணப்பித்துத் தேர்வாகியிருக்க வேண்டும். இதோடு உங்கள் துறையின் தொழில்முறைச் சங்கங்கள், சமூக அறக்கட்டளைகள். மாணவர் உறுப்பினர் கட்டணம் சிறியது, பயண உதவிக்கு அது வாசலைத் திறக்கும்.

எங்கே கேட்டாலும் கையில் வேண்டிய தாள் அழைப்புக் கடிதம். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், உங்கள் பெயர், தொடங்கும் முடியும் தேதி, வாரத்துக்கு எத்தனை மணி, என்ன வேலை, யார் மேற்பார்வை, அவர்கள் என்ன தருகிறார்கள், எதைத் தரவில்லை என்பது எல்லாம் இருக்க வேண்டும். கடைசி வரி இல்லாத கடிதங்கள் நிறைய வருகின்றன. ‘உதவித்தொகை வழங்கப்படவில்லை’ என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் உங்களுக்கு நிதி தேவை என்பது நிரூபணமாகும். அதை நீங்களே வரைவாக எழுதி அனுப்பி, சரிபார்த்துக் கையெழுத்திடச் சொல்லலாம். அவர்கள் வேலை குறையும், கடிதம் சீக்கிரம் வரும்.

நிதி விண்ணப்பத்தில் கனவுகளைப் பற்றிய பத்தி ஒன்று போதும். மீதி இடத்தில் நான்கு எண்கள்: மொத்தச் செலவு, என்னிடம் இருப்பது, மற்ற இடங்களில் கேட்டிருப்பது, உங்களிடம் கேட்பது. முழுத் தொகையையும் ஒரே இடத்தில் கேட்பதைவிட, ஏற்கெனவே பாதி திரண்டிருக்கிறது, மீதிக்கு உதவுங்கள் என்பது எளிதில் ஏற்கப்படும். பரிந்துரைக் கடிதம் தருபவருக்குக் குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள்.

இன்னொன்றை அவசியம் கேளுங்கள்: தொகை முன்பணமாக வருமா, ரசீது காட்டிய பிறகு வருமா? பின்னால் வரும் பணத்தை நம்பி விமானச் சீட்டு போட முடியாது. முன்பணமாக ஒரு பகுதி தர முடியுமா என்று கேட்டால் பல அலுவலகங்கள் ஒத்துக்கொள்கின்றன, கேட்காதவர்களுக்கு அவர்களாகச் சொல்வதில்லை. இரண்டு நிதிகள் கிடைத்தால் ஒரே செலவுக்கு இரண்டையும் வாங்கக் கூடாது என்ற விதி இருக்கலாம். இரு தரப்புக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பணம் கேட்கும் ‘இன்டர்ன்ஷிப்’கள்

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சான்றிதழ் கட்டணம் என்று உங்களிடம் பணம் கேட்கும் நிறுவனத்தை விட்டு விலகுங்கள். பரிமாற்ற அமைப்புகள் சில வெளிப்படையாக அறிவித்த நடைமுறைக் கட்டணம் வாங்குவதுண்டு, அது வேறு. நேர்காணலே இல்லாமல் ஆஃபர் லெட்டர் வருவது, இலவச மெயில் முகவரியிலிருந்து எழுதுவது, சேரும் முன்பே வங்கி விவரமும் அடையாள அட்டை நகலும் கேட்பது, ‘இன்றே கட்டினால்தான் இடம்’ என்று அவசரப்படுத்துவது எல்லாம் ஒரே வகை அடையாளங்கள். சந்தேகம் வந்தால் லிங்க்டினில் அங்கே முன்பு இன்டர்னாக இருந்த இருவரைத் தேடி, என்ன வேலை கொடுத்தார்கள், தொகை சொன்ன தேதியில் வந்ததா என்று கேளுங்கள். நல்ல நிறுவனங்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

கையெழுத்துப் போடும் முன்

தொகை, தேதி, எந்த நாளில் கொடுப்பார்கள், வரிப் பிடித்தம் உண்டா, வேலை நேரம் எவ்வளவு, காப்பீடு யார் பொறுப்பு என்று எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வெளிநாடென்றால் உங்கள் விசா வேலை செய்ய அனுமதிக்கிறதா என்பதை நிறுவனத்திடம் மட்டும் கேட்காமல் பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் கேளுங்கள். அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருப்பவர் படிப்போடு இணைந்த பயிற்சி அனுமதி வாங்காமல் வேலையில் சேர்ந்தால் விசா நிலையே பறிபோகும். வெளியிலிருந்து அங்கே இன்டர்னாகப் போகிறவருக்குப் பரிமாற்ற விசா வேண்டும், அதற்கு நிறுவனம் பயிற்சித் திட்டத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதற்கே பல வாரம் ஆகும்.

சேர்ந்த பிறகு ரசீதுகள் அனைத்தையும் அன்றன்றே படமெடுத்து ஒரே கோப்புறையில் போடுங்கள், பயணச் சீட்டும் போர்டிங் பாஸும் உட்பட. நிதி தந்தவர்கள் அறிக்கை கேட்பார்கள். வாரக் கடைசியில் அரைப் பக்கம் எழுதிவந்தால் அறிக்கை தானாக உருவாகிவிடும். கடைசி வாரம் வரை காத்திராமல், முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே மேற்பார்வையாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். செய்த வேலைகளைப் பத்து வரியில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் அந்தக் கடிதம் பொதுப்படையாக இல்லாமல் உங்களைப் பற்றியதாக வரும். அதே நாளில், அடுத்த ஆண்டு வரும் மாணவருக்கு அங்கே இடமும் தொகையும் உண்டா என்று கேட்டு, பதிலை உங்கள் துறை அலுவலகத்துக்கு எழுதிப் போடுங்கள்.